பக்கத்து வீட்டுத் தாய்க்கு நான் என்ன சொல்லலாம், சிஸ்டர்?

கேள்வி:

வணக்கம் சிஸ்டர். நான் கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன். பெயர் போட வேண்டாம். பிளஸ் டூ வரை படித்தேன். கல்யாணத்துக்கு முன்னால் எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஏழாம் மாசத்தில் பிரஷர் ஏறிவிட்டதால் 31-வது வாரத்தில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். ஒரு கிலோ 350 கிராம். ஐந்து வாரம் இன்குபேட்டர் பெட்டியில் இருந்தாள். "பாலைப் பீச்சிக் கொண்டா" என்று தினமும் சொன்னார்கள். எப்படிப் பீச்சுவது என்று ஒருத்தரும் காட்டவில்லை. மூன்றாம் நாள், பக்கத்துக் கட்டில் அக்காதான் என் கையைப் பிடித்துக் காட்டினார். அன்றைக்கு மட்டும் அவர் இல்லையென்றால் என் மகளுக்குத் தாய்ப்பாலே கிடைத்திருக்காது. இப்போது அவளுக்கு ஒன்றே முக்கால் வயசு. பிடிக்க முடியாத ஓட்டம்.

எங்கள் தெருவில் யாருக்காவது பால் கட்டிக்கொண்டால், குழந்தை சப்பவில்லை என்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இதையே வேலையாகச் செய்ய எனக்கு ஆசை. வீட்டுக்காரர், "அது நர்ஸு, டாக்டருங்க வேலை, உனக்கு எதுக்கு வம்பு" என்கிறார். போன வாரம் பின்தெருப் பெண் வந்தாள். அவள் பையன் 28 வாரத்தில் 1,100 கிராமில் பிறந்தவன், வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. தாய்ப்பாலில் ஏதோ பவுடர் கலக்கச் சொன்னாராம் டாக்டர். "நீ கலந்தியாக்கா?" என்று கேட்டாள். நான் கலக்கவில்லை என்றேன். அதைக் கேட்டுவிட்டு அவள் நிறுத்தியிருப்பாளோ என்று எனக்குத் தூக்கமே இல்லை.

நான் இந்த வேலைக்குப் போகலாமா? என்ன படிக்க வேண்டும்? காசு வாங்கலாமா?

பதில்:

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் அச்சில் வரும்வரை காத்திருக்க முடியாதது. அதனால் அதை மட்டும் போனிலேயே பேசிவிட்டோம். நீங்களும் அன்றைக்கே பின்தெருவுக்குப் போய்ப் பார்த்தீர்கள். அந்தப் பெண் முழுசாக நிறுத்தவில்லை, ஒரு வேளைக்கு மட்டும் கலந்துகொண்டிருந்தாள். திரும்ப டாக்டரிடம் அனுப்பிவிட்டீர்கள். நல்லது. ஆனால் இதே குழப்பம் இன்னும் பல வீடுகளில் இருப்பதால் எல்லாருக்குமாகச் சொல்கிறேன்.

குறைமாதத்தில் பெற்ற தாயின் பாலில் முதல் சில வாரங்களுக்குப் புரதம் வழக்கத்தைவிட அதிகமாகவே இருக்கும். குடல் அழுகும் நோய் குறைமாதக் குழந்தைகளுக்கு வரக்கூடிய பெரிய ஆபத்து. அதற்கு எதிரான நல்ல பாதுகாப்பும் அந்தப் பால்தான். இருந்தாலும் 28 வாரத்தில் பிறந்த ஒரு குழந்தை, வயிற்றுக்குள் கடைசி மூன்று மாதத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டிய கால்சியம், பாஸ்பரஸ் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்திருக்கிறது. அந்தக் குறையை ஈடுகட்ட, பீச்சிய தாய்ப்பாலிலேயே கலக்கும் சத்துப்பொடியைச் சில குழந்தைகளுக்கு டாக்டர் எழுதுவார். பெரும்பாலும் 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும், ஒன்றரை கிலோவுக்குக் கீழே பிறந்தவர்களுக்கும்தான் இந்தப் பேச்சு வரும். இதற்கும் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கும் டப்பா பாலுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் "பவுடர்" என்று ஒரே பெயரில் பேசும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. அதனால் யாராவது பவுடர் என்றால் முதலில் பொருளைக் கண்ணால் பாருங்கள். டப்பாவா, சின்ன பாக்கெட்டா? டிஸ்சார்ஜ் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது? எத்தனை மில்லிக்கு ஒரு பாக்கெட்? எதுவரைக்கும்? இவ்வளவும் கேட்டுவிட்டு, "எழுதினவரையே போய்க் கேளு, நானும் கூட வரேன்" என்று சொன்னால் போதும். கலக்கு என்பதும் கலக்காதே என்பதும் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது.

நீங்கள் பொய் சொல்லவில்லை. உங்கள் மகளுக்கு யாரும் எழுதவில்லை, நீங்களும் கலக்கவில்லை. ஆனால் 31 வாரமும் 28 வாரமும் ஒன்று கிடையாது. குறைமாதக் குழந்தைகளில் ஒவ்வொரு வாரமும் ஒரு வித்தியாசம். (ஏழாம் மாசம் பிழைக்கும், எட்டாம் மாசம் தங்காது என்று இன்னமும் வார்டுக்கு வெளியே உட்கார்ந்து சொல்கிற பெரியவர்கள் உண்டு. ஒரு வாரம் கூடுதலாக வயிற்றில் இருந்தால் அந்த ஒரு வாரமும் லாபம்தான்.) பின்தெருப் பெண் உங்களிடம் வந்ததற்குக் காரணம், நீங்களும் அந்தப் பெட்டி முன்னால் நின்றவர் என்பது. அந்த நம்பிக்கை எனக்குக் கிடைக்காது, வெள்ளைக் கோட்டு போட்டவர்களுக்கும் கிடைக்காது. அந்த நம்பிக்கை இருப்பதால்தான், "நான் அப்படிச் செய்யலை" என்று நீங்கள் சாதாரணமாகச் சொல்வதை அவள் மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்கிறாள். உங்கள் கதையை அவளாகக் கேட்டால் சொல்லுங்கள். அப்போதும் உங்கள் மகளின் வாரமும் எடையும் சேர்த்தே சொல்லுங்கள்.

சரி, இந்த வேலைக்குப் போகலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். தாராளமாகப் போகலாம். உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள். தாய்ப்பால் ஆலோசனை என்று இன்று உலகம் முழுக்க நடப்பதில் பெரிய பங்கு, நர்ஸோ டாக்டரோ அல்லாத தாய்மார்கள் தொடங்கியதுதான். 1956-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு சர்ச் பிக்னிக்கில் இரண்டு பெண்கள் தங்கள் குழந்தைகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சுற்றியிருந்த மற்ற பெண்கள், எங்களால் முடியலையே, நீங்கள் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அதிலிருந்து ஏழு தாய்மார் சேர்ந்து ஆரம்பித்ததுதான் லா லெச்சே லீக். குறைமாதக் குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் கங்காரு பராமரிப்பும் பணக்கார ஆஸ்பத்திரியில் பிறந்ததல்ல. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், பெட்டிகள் போதாமல் ஒரு பெட்டிக்குள் பல குழந்தைகளைப் படுக்கவைத்த ஆஸ்பத்திரியில், தாயின் உடம்பையே பெட்டியாக்கிப் பார்த்தார்கள். இன்றைக்கு உலக சுகாதார நிறுவனமே, குறைமாதத்திலும் எடை குறைவாகவும் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்ததிலிருந்தே நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் அதைச் செய்யச் சொல்கிறது. 2022-ல் வந்த பரிந்துரை அது. டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் சேர்ந்த ஓர் ஆய்வில், குழந்தையின் நிலைமை சீராகட்டும் என்று காத்திருந்து ஆரம்பித்ததைவிட, பிறந்த உடனே ஆரம்பித்தபோது இறப்பு கால்பங்கு குறைந்தது.

ஆகவே, இந்த வேலை உங்களைப் போன்றவர்களுக்கும்தான். ஆனால் ஆசை இருந்தால் மட்டும் போதாது. முதலில் காதைப் பழக்க வேண்டும்.

நம் பக்கத்தில் ஒரு பெண் "பால் வரலக்கா" என்றால் உடனே என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பூண்டு சாப்பிட்டியா, பால்சுறா புட்டு சாப்பிட்டியா, தண்ணி குடிச்சியா என்று நாலு பேர் நாலு பக்கம் ஆரம்பித்துவிடுவார்கள். காசிமேட்டுக்கு ஆளும் போய்விடும். புட்டு சாப்பிடட்டும், நல்ல சாப்பாடுதான், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவள் சொன்னதன் அர்த்தம் என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை. "பால் வரல" என்பதற்குள் எத்தனையோ இருக்கலாம். இரண்டாம் நாள் சொட்டுச் சொட்டாக வரும் சீம்பாலை அவள் பால் என்றே நினைக்காமல் இருக்கலாம். குழந்தை அழுதுகொண்டே இருப்பதைப் பார்த்து மாமியார் சொன்ன முடிவாக இருக்கலாம். குழந்தை காம்பை மட்டும் பிடித்துக்கொண்டு சப்புவதால் உண்மையிலேயே வயிறு நிறையாமல் இருக்கலாம். பெட்டியில் இருக்கும் குழந்தைக்கு நாளுக்கு மூன்று தடவைதான் பீச்சுகிறாள் என்பதாகவும் இருக்கலாம்.

"எப்போலேர்ந்து அப்படித் தோணுது?" என்று கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். இது சொல்வதற்குச் சுலபம், செய்வது கஷ்டம். அவள், "நைட்டெல்லாம் அழுவுறான், எங்க அத்தை இது தண்ணிப் பால்னு சொல்லுது" என்பாள். "தண்ணிப் பால்லாம் ஒண்ணும் கிடையாது" என்று உடனே பாடம் எடுக்க நாக்கு துடிக்கும். எடுக்காதீர்கள். "நைட்டு பூரா தூங்காம இருக்கே, வீட்டுலயும் பேச்சு கேக்க வேண்டியிருக்கு, இல்ல?" என்று அவள் சொன்னதையே அவளிடம் திருப்பிக் கொடுங்கள். அடுத்து அவள் சொல்லப்போவதில்தான் விஷயம் இருக்கும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1993-ல் கொண்டுவந்த 40 மணி நேரப் பயிற்சியில்கூட, கேட்பதும் தைரியம் கொடுப்பதும் தனிப் பாடங்கள். குழந்தை மார்பைப் பிடிக்கும் பிடிப்பு, அதை ஏந்தும் நிலை பற்றிய பாடங்களுக்கு இருக்கும் மரியாதை இவற்றுக்கும் உண்டு.

அடுத்தது கை வேலை. உங்களுக்குப் பக்கத்துக் கட்டில் அக்கா செய்தது என்ன என்று யோசித்துப் பாருங்கள். விளக்கம் சொல்லவில்லை, காட்டினார். பால் பீச்சுவதைப் பொறுத்தவரை நான் சொல்லித்தரும் முறை இது. கையை சோப்புப் போட்டுக் கழுவி, முதலில் மார்பை வெளிப்பக்கத்திலிருந்து காம்பை நோக்கி மெதுவாக நீவிவிட வேண்டும். பெருவிரல் மேலே, ஆள்காட்டி விரல் கீழே. இரண்டும் காம்பிலிருந்து இரண்டு விரல் அகலம் தள்ளி இருக்க வேண்டும். முதலில் விலா எலும்பைப் பார்த்து உள்ளே அழுத்தி, அப்புறம் இரண்டு விரலையும் ஒன்றையொன்று பார்க்க அழுத்தி, விட வேண்டும். அழுத்து, சேர், விடு. விரல் தோலின் மேல் வழுக்கக் கூடாது. பலரும் காம்பைப் பிடித்து இழுக்கிறார்கள். அதனால்தான் வலி, புண் எல்லாம். ஒரு இடத்தில் ஓட்டம் குறைந்தால் விரலைக் கடிகார முள்போலக் கொஞ்சம் நகர்த்தி அடுத்த இடம். முதல் ஒன்றிரண்டு நிமிஷம் ஒன்றுமே வராது, அங்கேதான் பாதிப்பேர் விட்டுவிடுகிறார்கள். முதல் நாள் ஒரு ஸ்பூனில் பாதி வந்தால்கூட அது வீண் இல்லை. பெட்டியில் இருக்கும் குழந்தையின் வாயில் தடவுவதற்கு அந்தச் சொட்டுகளைத்தான் கேட்பார்கள். அதை முதல் அழுக்குப் பால் என்று வாஷ்பேசினில் ஊற்றுகிற பழக்கம் நம்மிடம் முழுசாகப் போகவில்லை, அதையும் கவனியுங்கள்.

குழந்தை நேராகச் சப்பாதபோது, பிறந்த சில மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 24 மணி நேரத்தில் 8 முதல் 10 தடவை பீச்ச வேண்டும். அதில் ஒன்றாவது நடு ராத்திரிக்கும் விடியலுக்கும் இடையில் இருக்க வேண்டும், பால் சுரக்கும் ஹார்மோன் அப்போதுதான் அதிகம். இரண்டு வாரத்துக்குள் நாளுக்கு அரை லிட்டரைத் தொட்டுவிட்டால் பிறகு கவலை குறைவு. எடுக்க எடுக்கத்தான் ஊறும். நம் சென்னை வெயிலுக்குப் பீச்சிய பாலை வெளியில் நாலு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ஃபிரிட்ஜில் குறைமாதக் குழந்தைக்கு 24 மணி நேரக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜின் கதவில் வைக்கக் கூடாது, உள்ளே பின்பக்கம் வைக்க வேண்டும். கரண்ட் போகும் தெருவில் இதையும் கேட்க வேண்டும். "ஃபிரிட்ஜ் இருக்கா?" என்று மட்டும் கேட்டால் போதாது.

சப்பி, விழுங்கி, மூச்சுவிடுவதை ஒழுங்காகச் சேர்த்துச் செய்ய ஒரு குழந்தைக்கு 32 முதல் 34 வாரம் ஆக வேண்டும். அதற்கு முன் குழாய், அப்புறம் பாலாடை (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்), அப்புறம் மார்பு என்றுதான் போகும். வெளிநாட்டில் பாட்டிலில் திண்டாடுகிற கட்டத்தை நம்மூர் பாட்டிகள் பாலாடையிலேயே கடந்திருக்கிறார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் இன்றும் அதுதான். ஆனால் குழந்தையைப் படுக்கவைத்து ஊற்றக் கூடாது. தலையும் முதுகும் நிமிர்ந்த மாதிரி மடியில் வைத்து, பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்து, குழந்தை நக்கிக் குடிக்கும் வேகத்துக்குத்தான் சாய்க்க வேண்டும்.

இப்போது குடும்பம். நம் வடசென்னை வீட்டில் தாய் தனியாள் கிடையாது. ஹவுசிங் போர்டில் ஒரே ஹால், அதில் மாமனார், கொழுந்தன், ஒரு டிவி. பீச்சுவதற்கு ஒரு மூலை வேண்டும் என்று கேட்கக்கூட வாய் வராது. நீங்கள் போய் அவள் காதில் மட்டும் சொல்லிவிட்டு வந்தால் நீங்கள் தெருமுனை தாண்டும் முன்பே அது கலைந்துவிடும். மாமியாரைச் சேர்த்து உட்காரவையுங்கள். அவர் வைத்த சேனைத் தண்ணியையும், தெருவில் கழுதையோடு வருகிறவரிடம் வாங்கிய ஒரு சங்கு பாலையும் பழித்துப் பேசினால் கதவு சாத்தப்பட்டுவிடும். "குறைமாசக் குழந்தைக்குக் குடல் இன்னும் பழுக்கலம்மா, காய்ச்சாத பாலும் தேனும் அதுக்கு ஒத்துக்காது" என்று காரணத்தை மட்டும் சொல்லுங்கள். பிறகு அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். கங்காரு பராமரிப்பைப் பாட்டியும் செய்யலாம், அப்பாவும் செய்யலாம். தாய் குளிக்கப் போகும் நேரத்தில் குழந்தையை நெஞ்சோடு வைத்துக்கொள்ளும் பாட்டி, அடுத்த நாளிலிருந்து உங்கள் கட்சி. ஹார்பரில் ஷிஃப்ட் முடித்து வருகிற அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் வைத்துக்கொண்டால் அவருக்கும் அந்தக் குழந்தையைத் தொடும் பயம் போய்விடும்.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் நான் உங்களிடம் ரொம்பக் கண்டிப்பாகக் கேட்பேன். குழந்தை பால் குடிப்பதை விட்டுவிட்டது, எழுப்பினாலும் எழவில்லை, கை கால் சில்லென்று இருக்கிறது அல்லது உடம்பு கொதிக்கிறது, நிமிஷத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்ளே குழிகிறது, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள், வலிப்பு. இதில் ஒன்றைப் பார்த்தாலும் பிடிப்பு சரிபார்க்கிற வேலை எல்லாம் அப்புறம். 108-க்குப் போன் போடுங்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும் நேரம் உங்களுக்குத் தெரியாததா? அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு சீக்கிரமே கிளப்புங்கள். அவசரம் இல்லாத சந்தேகத்துக்கு 104 இருக்கிறது. குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் மூத்திரம் போகிறதா, எடை நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறுகிறதா என்பதைப் பார்த்தால் பால் போதுமா என்ற பாதிச் சண்டை தீரும்.

குறைமாத வீடு என்றால் இன்னொன்றும் கேளுங்கள்: கண் பார்த்தாச்சா? 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும், ரொம்பச் சின்னக் குழந்தைக்கு அதற்கும் முன்னாலேயே. தவறவிட்டால் பார்வையே போகலாம், சரியான நேரத்தில் பார்த்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். பால் விஷயம் இல்லையே என்று விடாதீர்கள். பின்தெருப் பையனுக்கும் கேட்டுவிடுங்கள்.

பால் நிறைய இருப்பதால், "அந்தக் குழந்தைக்கு நீயே ஒரு வேளை கொடேன்" என்று உங்களிடம் யாராவது கேட்பார்கள். நல்ல மனசோடுதான் கேட்பார்கள். வேண்டாம். குறைமாதக் குழந்தைக்கு அடுத்தவர் பால் வேண்டுமென்றால் அது தாய்ப்பால் வங்கி வழியாகத்தான் போக வேண்டும். கொடுப்பவருக்கு எச்ஐவி, மஞ்சள்காமாலை பி போன்ற பரிசோதனைகள் செய்து, பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கித்தான் அங்கே கொடுப்பார்கள். ஆசியாவின் முதல் வங்கி 1989-ல் மும்பை சயான் ஆஸ்பத்திரியில் வந்தது. நமக்கு எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது.

படிப்பு. இரண்டு வழி இருக்கிறது. முதல் வழி, ஆலோசகர் பயிற்சி. இந்தியாவில் பிபிஎன்ஐ என்ற அமைப்பு 1991 முதல் தாய்ப்பாலுக்காகவே வேலை செய்கிறது, குழந்தை உணவு ஆலோசனைக்குப் பயிற்சியும் நடத்துகிறது. உங்கள் படிப்புக்கு எந்தப் பயிற்சியில் இடம் என்று அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். இரண்டாவது வழி ஐபிசிஎல்சி என்ற சர்வதேசப் பாலூட்டல் ஆலோசகர் சான்றிதழ். உலகம் முழுக்க ஒரே தேர்வு, 1985 முதல் நடக்கிறது. அதற்கு 95 மணி நேரம் பாலூட்டல் பாடம் வேண்டும். நர்ஸ் போன்ற மருத்துவத் துறை ஆள் இல்லையென்றால் உடற்கூறு, உடலியல், ஊட்டச்சத்து என்று 14 பாடங்கள் தனியாக முடித்திருக்க வேண்டும். அதற்கு மேல் நூற்றுக்கணக்கில், வழியைப் பொறுத்து ஆயிரம் மணி நேரம் வரை நேரடி அனுபவம் காட்ட வேண்டும். செலவும் அதிகம். உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆனால் ஆன்லைனில் ஒரு வார இறுதியில் "பாலூட்டல் நிபுணர்" சர்டிபிகேட் தருகிறேன் என்று பணம் கேட்கிறவர்களிடம் ஏமாறாமல் இருக்க இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். என் யோசனை: முதல் வழியில் போங்கள், ஒரு வருஷம் தெருவில் வேலை செய்து பாருங்கள். அப்போதும் பசி அடங்கவில்லை என்றால் இரண்டு வருஷ ஏஎன்எம் (துணை நர்ஸ்) படிப்பைப் பற்றி யோசியுங்கள். நர்ஸிங் பக்கம் கால் வைத்துவிட்டால் மற்றது எல்லாம் சுலபம்.

காசு வாங்குவதில் தப்பே இல்லை. பயிற்சி முடிக்கும்வரை வாங்காதீர்கள், பக்கத்து வீட்டு உதவியாகவே இருக்கட்டும். முடித்த பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதற்கு இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வாங்குங்கள். முடியாதவர்களுக்கு விட்டுக்கொடுப்பது உங்கள் இஷ்டம். ஒரு தடவை பார்த்துவிட்டு முடிகிற வேலையாகவும் இதை நினைக்காதீர்கள். குறைந்தது ஆறு தடவையாவது ஒரு தாயைப் பார்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல். கர்ப்பத்தின்போது, பெற்ற இரண்டு மூன்று நாளில், அடுத்த வாரம் என்று போகும் அது. முதலிலேயே அப்படிப் பேசிக்கொண்டால் உங்கள் நேரத்துக்கும் மதிப்பு. ராத்திரி ஒன்பதுக்கு மேல் போனை எடுப்பதில்லை என்றும் சொல்லிவிடுங்கள், வீட்டுக்காரர் கோபத்தில் பாதி அதிலேயே குறையும்.

வாங்கவே கூடாத காசு ஒன்று இருக்கிறது. பால் பவுடர், பாட்டில் கம்பெனிகளிடமிருந்து பரிசு, சாம்பிள், கூட்டச் செலவு, கைப்பை, காலண்டர் எதுவும் வேண்டாம். 1992-ல் வந்து 2003-ல் திருத்தப்பட்ட சட்டம் அந்தப் பொருள்களின் விளம்பரத்தையும் இலவச சாம்பிளையும் தடை செய்கிறது. உங்கள் பெயர் தெருவில் பரவினால் யாராவது நிச்சயம் தேடி வருவார்கள். அதேசமயம், டாக்டர் சொல்லி டப்பா பால் கொடுக்கிற தாயை நீங்கள் குற்றவாளியாகப் பார்க்கக் கூடாது. அவளுக்குத் தண்ணியைக் கொதிக்கவைத்து, அளவு குறையாமல் கலக்கச் சொல்லிக்கொடுப்பதும் உங்கள் வேலைதான்.

இன்னொன்று கேட்கத் தயக்கமாக இருந்தது, ஆனால் கேட்கிறேன். "அன்றைக்கு மட்டும் அவர் இல்லையென்றால்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்டு பீப் சத்தம் இன்னும் காதில் கேட்கிறதா? இன்னொரு பெண்ணின் 1,100 கிராம் குழந்தையைப் பார்த்துவிட்டு உங்களுக்குத் தூக்கம் போனது அந்தப் பவுடருக்காக மட்டும்தானா? குறைமாதத்தில் பெற்ற பல தாய்மாருக்கு இது வருஷக்கணக்கில் உள்ளே கிடக்கும். கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு அடுத்த வீட்டுப் பெட்டி முன்னால் போய் நின்றால் அவள் அழும்போது நீங்களும் சேர்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள். யாரிடமாவது முழுசாக ஒருமுறை பேசிவிடுங்கள். தூக்கமின்மையும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் டாக்டரைப் பாருங்கள். நாளைக்கு நீங்கள் பார்க்கப்போகிற தாய்மாரிடமும் இதையேதான் கவனிக்க வேண்டும்.

முதல் வேலையாக உங்கள் பகுதி மாநகராட்சி சுகாதார நிலையத்துக்குப் போங்கள். புதன்கிழமை தடுப்பூசி நாள், கைக்குழந்தைக்காரர்கள் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள். காலையில் போனால் நர்ஸுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது, கூட்டம் கலைந்த பிறகு பேசுங்கள். உங்கள் தெருவில் யார் யாருக்குக் குறைமாதக் குழந்தை என்று அவர்களுக்குத் தெரியும், யார் வரவில்லை என்று உங்களுக்குத் தெரியும். முடிந்தால் வீட்டுக்காரரையும் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள்.